டிரெடிலை எடைக்குப் போடும் முன்

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் லெட்டர்பிரஸ் நடத்திய, கடையின் பின்கட்டில் இன்னும் அதை வைத்திருக்கிற அச்சகக்காரர்களுக்கு,



உங்கள் கடையின் முன்பக்கத்தில் இப்போது கம்ப்யூட்டர் இருக்கிறது, ஜெராக்ஸ் மெஷின் இருக்கிறது, ஃப்ளெக்ஸ் ஆர்டர் எழுதும் நோட்டு இருக்கிறது. பின்பக்கத்தில் பழைய பேப்பர் கட்டுகளுக்கு நடுவே, காலால் மிதித்து ஓட்டிய அச்சு இயந்திரமான டிரெடில் நிற்கிறது. பக்கத்தில் ஈய எழுத்துகளை அறை அறையாகப் போட்டுவைக்கும் கேஸ்கள் அடுக்கிய ராக். பழைய இரும்பு எடுப்பவர் ஏற்கெனவே வந்து பார்த்திருப்பார்; இரும்புக்கு ஒரு விலை, ஈயத்துக்கு ஒரு விலை சொல்லியிருப்பார். ஈயத்துக்குக் கிலோவுக்குக் கூடுதலாகக் கிடைக்கும் என்பதால் முதலில் கிளம்புவது எழுத்துதான். மெஷின் பிறகு போகும்.

போடாதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. கடை வாடகையை நான் கட்டவில்லை. அருங்காட்சியகம் வையுங்கள் என்றும் கேட்கப்போவதில்லை; கண்ணாடிக்குள் வைத்த டிரெடிலால் யாருக்கும் பயனில்லை. நான் கேட்பது வேறு. இந்தச் சாமானில் ஒரு சிறு பங்கைப் பிள்ளைகள் விளையாட விட்டுவையுங்கள். தமிழ்நாட்டில் அச்சு தொழிலாக இருந்திருக்கிறது, தொண்டாக இருந்திருக்கிறது, போராட்டமாகவும் இருந்திருக்கிறது. விளையாட்டாக மட்டும் இருந்ததே இல்லை. அந்தக் குறை தீர இப்போதுதான் வழி பிறந்திருக்கிறது. அந்த நேரம் பார்த்து எழுத்து உருக்குச் சட்டிக்குப் போவது பொறுக்காமல்தான் இதை எழுதுகிறேன்.

விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்தில் வீட்டில் உட்கார்ந்து அச்சடிப்பது ஒரு பொழுதுபோக்கு. கடைசல் இயந்திரங்களுக்குப் பேர்போன லண்டனின் ஹோல்ட்ஸாப்ஃபெல் நிறுவனம், எட்வர்ட் கூப்பர் என்பவர் வடிவமைத்த சின்னக் கைப்பிரஸ் ஒன்றை விற்றது. ‘பார்லர் பிரஸ்’ என்று பெயர். வரவேற்பறை மேசைமேல் வைத்து, நெம்புகோலை அழுத்தி அடிக்கலாம். தொழில் தெரியாதவர்கள் பழகுவதற்கென்று அந்த நிறுவனமே ஒரு கைநூலும் போட்டது. அதன் பதிப்பு ஒன்று 1846இல் வந்தது. அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்து மெரிடன் நகரில் 1873இல் கெல்சி என்பவர் ‘எக்செல்சியர்’ என்ற மேசைப் பிரஸ்ஸை விற்கத் தொடங்கினார். அதில் 3க்கு 5 அங்குல அளவுகூட உண்டு. நம்மூர் விசிட்டிங் கார்டைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். விளம்பரத்தைப் பார்த்து அதைத் தபாலில் வரவழைத்த பையன்கள் தாங்களே பத்திரிகை அடித்து ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். 1876இல் ஃபிலடெல்ஃபியாவில் கூடி ஒரு தேசிய சங்கமே அமைத்தார்கள். அந்தச் சிறுவர் இதழ்களில் கவிதைகள் சுமார் ரகம்தான். பாதி இடத்தில் சக பத்திரிகைக்காரனைத் திட்டியிருப்பார்கள். இருந்தாலும் கோர்த்தது அவர்கள் கை, மை தடவியதும் அவர்கள் கை.

நம் ஊருக்குப் பொருத்தமான ஒரு பையனைச் சொல்கிறேன். 1862. போர்ட் ஹியூரனுக்கும் டெட்ராய்ட்டுக்கும் இடையே ஓடிய ரயிலில் செய்தித்தாளும் மிட்டாயும் விற்ற பதினைந்து வயதுப் பையன், சரக்குப் பெட்டியின் மூலையில் ஒரு பழைய சின்னப் பிரஸ்ஸை வைத்து ஓடும் ரயிலிலேயே வாரப் பத்திரிகை அடித்தான். ரயில் எத்தனை மணிக்கு வரும், எந்த ஊரில் வெண்ணெய் என்ன விலை என்பதுதான் செய்தி. பெயர் தாமஸ் ஆல்வா எடிசன். ஜங்ஷன் உள்ள ஊர்க்காரர்களான விழுப்புரத்தவர்களுக்கு இந்தக் கதை பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று, ‘புதையல் தீவு’ எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் வீட்டுக் கதை. நுரையீரல் நோய்க்காக அவர் சுவிட்சர்லாந்தின் டாவோஸில் தங்கியிருந்த 1881–82 குளிர்காலத்தில், மனைவியின் மகன் லாயிட் ஆஸ்போர்ன் என்ற சிறுவனிடம் ஒரு பொம்மைப் பிரஸ் இருந்தது. அந்தப் பிள்ளை விடுதி நிகழ்ச்சிகளுக்கு நிரல் அடித்துக் காசு பார்த்தான். எழுத்தாளரோ அவனுக்காக மரக்கட்டையில் படம் செதுக்கி, வேடிக்கைப் பாட்டு எழுதிக் கொடுத்தார். ‘மாரல் எம்பளம்ஸ்’ என்று அவர்கள் போட்ட சிறு புத்தகத்தின் விலை ஆறு பென்ஸ். உலகமே அறிந்த எழுத்தாளன் ஒரு சிறுவனின் அச்சகத்துக்குக் கட்டை செதுக்கும் கூலியாளாக இருந்திருக்கிறான். எனக்கு அவருடைய நாவல்களைவிட இது பிடிக்கும்.

ஏன் இங்கே அப்படி எதுவும் நடக்கவில்லை? நமக்கு அச்சு தாமதமாக வந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உங்கள் கடையிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய்விடும் புதுச்சேரியில் 1761க்கு முன்பே பிரெஞ்சுக்காரர்கள் பிரஸ் வைத்திருந்தார்கள். அந்த ஆண்டு ஊரைப் பிடித்த ஆங்கிலேயர்கள் அதைச் சென்னைக்குக் கொண்டுபோய், வேப்பேரியில் இருந்த பாதிரியார் ஃபப்ரீசியஸிடம் ஒப்படைத்தார்கள். கொள்ளைப் பொருளாக ஊர் மாறிய அந்த இயந்திரத்திலிருந்து வளர்ந்ததுதான் வேப்பேரி மிஷன் அச்சகம். தஞ்சாவூரில் இரண்டாம் சரபோஜி மன்னர் 1800களின் தொடக்கத்திலேயே தேவநாகரி எழுத்து வைத்து அரண்மனையில் அச்சகம் நடத்தி, ஈசாப்பின் கதைகளை மராத்தியில் போட்டார். பொழுதுபோக்காக அச்சு நடத்தியவர் என்று நம் பக்கத்தில் ஒருவரைச் சொல்லலாமென்றால் அவரைத்தான் சொல்ல வேண்டும். ராஜாவுக்குச் செல்லுபடியானது மற்றவர்களுக்கு ஆகவில்லை.

முதல் தடை சட்டம். 1835இல் கவர்னர் ஜெனரலாக இருந்த மெட்காஃப் காலத்துச் சட்டம் அச்சகத்துக்கு அரசின் முன் அனுமதி வேண்டியதில்லை, பதிவு செய்தால் போதும் என்று ஆக்கியது. அதன்பிறகுதான் தமிழர் அச்சகங்கள் பெருகின. 1849இல் ஆறுமுக நாவலர் சென்னைக்கு வந்து பிரஸ் வாங்கி யாழ்ப்பாணம் கொண்டுபோனதும் அந்தக் காற்றில்தான். ஆனால் 1867இல் 25ஆம் சட்டம் வந்தது. பிரஸ் வைத்திருப்பவர் யாரானாலும் மாஜிஸ்திரேட் முன்னால் நின்று, இன்ன இடத்தில் என்னிடம் அச்சு இயந்திரம் இருக்கிறது என்று எழுதிக் கையொப்பமிட வேண்டும். தவறினால் அபராதமும் சிறையும். உங்கள் அப்பாவோ தாத்தாவோ அந்த டிக்ளரேஷனுக்காகக் கலெக்டர் ஆபீஸ் படி ஏறியிருப்பார்கள். அடிக்கும் தாளில் அச்சிட்டவர் பெயரும் ஊரும் போட வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தில் இருந்தது. சைக்ளோஸ்டைலும் லித்தோவும்கூட அச்சுதான் என்று பின்னால் சேர்த்துக்கொண்டார்கள். பத்து வயதுப் பிள்ளை வீட்டு மேசையில் பிரஸ் வைத்தாலும் மாஜிஸ்திரேட் முன் நிற்க வேண்டும் என்றால் எந்த வீட்டில் வைப்பார்கள்?

அதே 1867இல்தான் நம் பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் வள்ளலார் பாடிய திருவருட்பா முதன்முதலாக அச்சேறியது. பாடியவர் இருந்தது கருங்குழியிலும் வடலூரிலும். தொழுவூர் வேலாயுத முதலியார் பதிப்பிக்க, அச்சானது சென்னையில். விழுப்புரத்துக்கு ரயில் வரச் சுமார் பத்தாண்டு இருந்த காலம் அது. ஏடும் புரூஃபும் கட்டை வண்டியும் கால்நடையுமாகத்தான் போய் வந்திருக்கும். அச்சு என்பது சென்னைக்குப் போய்ச் செய்கிற காரியம் என்ற எண்ணம் அன்றைக்கே நம் பக்கத்தில் ஊறிவிட்டது.

திண்டிவனத்துக்காரர்களுக்கு மதுராந்தகம் பக்கத்து ஊர்தான். அந்த வட்டாரத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893இல் சென்னையில் ‘பறையன்’ பத்திரிகையைத் தொடங்கினார். முதலில் நான்கே பக்கம், விலை இரண்டணா. தொடக்கத்தில் பிறர் அச்சகத்தில் அடித்தவர் பிற்பாடு சொந்தமாகவே பிரஸ் வைத்தார். விக்டோரியா உயிரோடு இருந்த அதே ஆண்டுகளில், அங்கே ஒரு கனவான் வீட்டுப் பிள்ளை நேரம் போகாமல் அச்சடித்தான். இங்கே ஒரு மனிதர் தன் மக்களின் குறை அரசின் காதில் விழ வேண்டுமென்று அச்சடித்தார். நாலு பக்கத் தாளுக்கு இங்கே இருந்த எடை அங்கே இல்லை. பாரதியின் ‘இந்தியா’ 1908இல் புதுச்சேரிக்கு ஓடிப்போய் அச்சானதும், பிரிட்டிஷ் எல்லைக்குள் தடை செய்யப்பட்டு 1910இல் நின்றுபோனதும் உங்களுக்குத் தெரிந்த கதை. விளையாட்டுக்கு இடமில்லாத ஊர் இது.

ஆனால் சட்டத்தைவிடப் பெரிய தடை உங்கள் ராக்கிலேயே இருக்கிறது. உங்களுக்குத் தெரிந்த கணக்குதான். இந்த மடலை மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். ஆங்கிலத்துக்குப் பெரிய எழுத்து 26, சின்ன எழுத்து 26, எண், நிறுத்தற்குறி. ஒரு சிறு மரப்பெட்டியில் அடங்கிவிடும். தமிழுக்கு உயிர் 12, ஆய்தம் 1. அகரமேறிய எழுத்து 18, புள்ளி வைத்த மெய் 18. கி, கீ, கு, கூ என்று நான்கு வரிசைக்கும் எழுத்தைத் தனித்தனியாகவே வார்ப்பது வழக்கம் என்பதால் நாலு பதினெட்டு 72. இதுவே 121 ஆயிற்று. மேலே கால், கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் குறி. ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ ஐந்துக்கும் ஆறாறு வடிவம் என்றால் 30. நூற்றைம்பது அறை தாண்டிவிட்டது. இன்னும் ஒரு காற்புள்ளிகூடப் போடவில்லை. இது ஒரே பாயிண்டுக்கு, ஒரே முகத்துக்கு. 1978இல் அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்தபோது ணா, றா, னா, ணை, லை, ளை, னை உள்ளிட்ட 13 எழுத்துகளின் பழைய வடிவம் போனது. பெரியார் 1935லேயே ‘குடிஅரசு’வில் செய்து காட்டிய வேலை அது. அந்தப் பழைய வடிவங்களின் அறைகள் காலியானதில் முதலில் மூச்சு விட்டவர்கள் அச்சுக்கோப்பவர்களாகத்தான் இருக்கும்.

அறை மட்டுமா? ஒவ்வொன்றிலும் எத்தனை எழுத்து இருக்க வேண்டும் என்பது தனிக் கணக்கு. ‘ம்’, ‘க்’, ‘த்’ மூன்றும் பக்கம் முடிவதற்குள் தீர்ந்துவிடும். தீர்ந்த இடத்தில் வேறோர் எழுத்தைத் தலைகீழாகச் செருகி வைத்து, முந்தைய பக்கம் அச்சாகிப் பிரித்த பிறகு மாற்றுவார்கள். இந்தத் தந்திரமெல்லாம் கைவர ஆண்டுக்கணக்கில் ஆகும். கம்போசிட்டர் நின்ற இடத்தில் நின்றபடி, கண்ணை மூலப் பிரதியில் வைத்து, கையை மட்டும் இந்த நூற்றைம்பது அறைகளுக்குள் ஓட விடுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இது வரவேற்பறை மேசைமேல் நடக்கிற வேலை இல்லை என்று. சட்டத்தை ஏமாற்றியிருக்கலாம். கேஸை ஏமாற்ற முடியாது. தமிழில் பார்லர் பிரஸ் பிறக்காததற்கு மூல காரணம் இதுதான் என்பது என் தீர்மானம்.

அச்சு கைக்கெட்டாத பிள்ளைகள் சும்மா இருந்துவிடவில்லை. கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார்கள். கட்டம் போட்டு, தலைப்புக்குச் சிவப்பு மை, உள்ளே நீல மை, அட்டைக்கு ஓவியம் வருகிற நண்பன். ஒரே பிரதி, அது கை மாறி மாறிக் கிழியும்வரை சுற்றும். திருவாரூரில் பள்ளிப் பையனாக இருந்த மு. கருணாநிதி ‘மாணவ நேசன்’ என்று ஒன்று நடத்திவிட்டுத்தான் 1942இல் ‘முரசொலி’யைத் துண்டு வெளியீடாக அச்சுக்குக் கொண்டுபோனார். நம் வட்டாரத்திலும் ஐம்பது வயது தாண்டிய எந்தத் தமிழாசிரியரைக் கேட்டாலும் மாணவப் பருவத்தில் ஒன்றிலாவது கை வைத்திருப்பார். வசதி இருந்தால் சைக்ளோஸ்டைல். அதுவும் 1880களில் லண்டனில் கெஸ்டெட்னர் கொண்டுவந்த விக்டோரியா காலத்துச் சாமான்தான். பார்லர் பிரஸ் நம்மிடம் வரவில்லை, அதன் தம்பி வந்து அரைப் பரீட்சைக் கேள்வித்தாள் அடித்துக் கொடுத்தது.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது. 2023இல் புதிய அச்சு, பருவ இதழ்கள் பதிவுச் சட்டம் நிறைவேறி, 2024 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 1867 சட்டம் போயே போய்விட்டது. மாஜிஸ்திரேட் முன் டிக்ளரேஷன் இல்லை. பருவ இதழ் நடத்தினால்தான் பதிவு, அதுவும் ஆன்லைனில். புத்தகம் அச்சிடுவது இந்தச் சட்டத்தின் வரம்புக்குள் வரவே இல்லை. தேர்தல் நோட்டீஸில் மட்டும் அச்சிட்டவர் பெயரும் வெளியிடுபவர் பெயரும் போட வேண்டும் என்ற மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் விதி அப்படியே இருக்கிறது. அதை நீங்கள் எனக்குச் சொல்லித் தர வேண்டும், நான் உங்களுக்கல்ல. ஆக, ஒரு பிள்ளை தன் கதையை எட்டுப் பக்கப் புத்தகமாக அடித்து வகுப்புக்குக் கொடுத்தால் கேட்க ஆளில்லை. நூற்றைம்பத்தேழு ஆண்டு கழித்துக் கிடைத்த விடுதலை. கிடைத்த நேரத்தில் எழுத்து எடைக்குப் போகிறது.

மிச்சம் இருப்பது கேஸ் பிரச்சினை. அதற்கு என் யோசனை: முழு கேஸ் வேண்டாம். பிள்ளைகள் நாவல் கோர்க்கப்போவதில்லை. 18 பாயிண்டோ 24 பாயிண்டோ, தலைப்புக்கு வைத்திருந்த ஒரே ஒரு கேஸ் போதும். முதல் பாடம் தன் பெயரும் ஊரும். முகையூர், காணை, ஒலக்கூர், மரக்காணம், வல்லம், விக்கிரவாண்டி. நோட்டுப் புத்தகத்தில் ஒட்டும் லேபிளாக அதை அடித்து எடுத்துக்கொண்டு போகட்டும். வரி கோர்க்கும் ஸ்டிக்கில் எழுத்தைத் தலைகீழாக அடுக்கிப் படிக்கப் பழகும்போதே அவர்களுக்கு ஒரு விஷயம் பிடிபடும். ணகரத்துக்கும் னகரத்துக்கும் அறை வேறு, ரகரத்துக்கும் றகரத்துக்கும் அறை வேறு. ஆசிரியர் சிவப்பு மையில் சுழித்துச் சொல்லிச் சொல்லியும் ஏறாத பிழை, தப்பான அறையில் கைவிட்டுத் தாளில் அடிபட்டு வந்தபின் ஏறும். கூழ் வார்த்தல் நோட்டீஸில் ஒரு னகரம் மாறியதற்காக ஊர்ப் பெரியதனக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

படம் அடிக்கும் பிளாக்குகளை மறந்துவிடாதீர்கள். பிள்ளையார், வாழைமரம், நாதஸ்வரம், கைகூப்பிய பெண், கூத்து நோட்டீஸுக்கு வைத்திருந்த கிரீடம் வைத்த தலை. சிவகாசியிலிருந்து ரெடிமேட் அட்டை வரத் தொடங்கியபின் இவற்றுக்கு வேலை போய்விட்டது. பிள்ளைகள் முதலில் பாய்வது இவற்றின்மேல்தான் இருக்கும், படம் உடனே அச்சாகி வருமே! மாநாட்டுச் சுவரொட்டிக்கு வைத்திருந்த மர எழுத்து இருந்தால் அதைத் தயவுசெய்து விறகாக்காதீர்கள். ஈயத்தைக் காட்டிலும் அதுதான் இன்று கிடைக்காத பொருள்.

எங்கே வைத்துச் சொல்லித் தருவது? உங்கள் கடையிலேயே சனிக்கிழமை மதியம் ஒதுக்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் திண்டிவனம் கோவிந்தசாமி கல்லூரியோ, விழுப்புரம் அண்ணா கலைக் கல்லூரியோ, மயிலம் தமிழ்க் கல்லூரியோ ஓர் அறை தரலாம். ஒரு கேஸும் புரூஃப் எடுக்கும் கைப்பிரஸ்ஸும் நிற்க அதிக இடம் வேண்டாம். பள்ளிக்கல்வித் துறை ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ என்று மாணவர் இதழ்கள் நடத்துகிறது. நல்ல காரியம்தான். ஆனால் அதில் எழுதிய பிள்ளை சென்னையிலிருந்து இதழ் வரும்வரை காத்திருக்க வேண்டும், வந்தபின் அதில் தன் பெயரைத் தேட வேண்டும். இங்கே நான் கேட்பது நாற்பது பிரதி, நாலு பக்கம், அன்றைக்கே கையில்.

சொல்லித் தர ஆள் இருக்கிறார்கள். உங்களிடம் வேலை பார்த்த கம்போசிட்டர்கள் சிலர் ஏடிஎம் வாசலில் காவலுக்கு நிற்கிறார்கள், சிலர் வீட்டோடு இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிடுங்கள். சேவையாகக் கூப்பிட வேண்டாம், நாள்கூலி கொடுத்துக் கூப்பிடுங்கள். கல்லூரியோ பெற்றோரோ ரோட்டரியோ அந்தக் காசைத் தரட்டும். வாழ்நாள் முழுக்கப் பாயிண்டுக்கும் பக்கத்துக்கும் கூலி வாங்கியவரை இலவசமாக வரச் சொல்வது அழகில்லை.

லெட்டர்பிரஸ்ஸைப் பொழுதுபோக்காகத் தொடங்கிப் பெரும் பதிப்பகமாக்கியவர்களுக்கு விர்ஜினியா வுல்ஃபும் கணவர் லெனார்டும் உதாரணம். 1917இல் வீட்டுச் சாப்பாட்டு மேசைமேல் ஒரு கைப்பிரஸ்ஸை வைத்து ஹோகார்த் பிரஸ்ஸைத் தொடங்கினார்கள். மனம் நலிந்திருந்த மனைவியின் கைக்கு ஒரு வேலை வேண்டும் என்பது லெனார்டின் எண்ணம். அந்த லெனார்ட் அதற்குமுன் இலங்கையில் அதிகாரியாக இருந்தவர், யாழ்ப்பாணத்தில் தமிழ் கற்றவர். தமிழ் தெரிந்த ஒருவர் இங்கிலாந்து போய் ஆங்கிலம் கோர்த்தார். நம் பிள்ளைகள் பதிப்பகம் எதுவும் தொடங்க வேண்டாம். அப்படி ஒரு நோக்கத்தை இதில் ஏற்றினால் விளையாட்டு கெட்டுவிடும். போட்டி, சான்றிதழ், கேடயம் என்று போய்விடும். அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

விற்றே ஆக வேண்டிய நிலைமை என்றால் டிரெடிலை விற்றுவிடுங்கள். அது கனம், இடம் அடைக்கும், பிள்ளைகள் கைக்கு ஆபத்தும்கூட. ஒரு 24 பாயிண்ட் கேஸ், இரண்டு ஸ்டிக், கோர்த்த வரிகளை வைக்க ஒரு கேலி, பக்கத்தை இறுக்க ஒரு சேஸ், கைப்பிடி ரோலர், பிளாக் டப்பா. இவ்வளவை மட்டும் எடைக்காரர் வருவதற்கு முந்தின நாளே வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். மெஷின் விலையில் பெரிய குறைவு விழாது. பிறகு பக்கத்துப் பள்ளித் தலைமை ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் கடைகளில் நோட்டீஸும் பத்திரிகையும் அடித்துப் பழகிய வாடிக்கையாளன்

பி.கு.: எழுத்தில் இருப்பது ஈயமும் ஆன்டிமனியும் வெள்ளீயமும். பிள்ளைகள் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், எழுத்தை வாயில் வைக்கக் கூடாது, கேஸ் பக்கத்தில் தின்பண்டம் கூடாது. வெள்ளை பூத்துத் தூளாக உதிர்கிற பழைய எழுத்தைக் கொடுக்கவே வேண்டாம். மண்ணெண்ணெய் போட்டு மை துடைக்கும் வேலையைப் பெரியவர்களே செய்யுங்கள்.